அருவிக்கு எத்தனை பேரை விடலாம்? கணக்குப் போடும் முறை

மணிமுத்தாறு அருவி, அகஸ்தியர் அருவி போன்ற இடங்களில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் ‘ஒரு நாளைக்கு எத்தனை பேர்’ என்றே தொடங்குகிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதுதான் ஆளையும் ஆற்றையும் காக்கிற எண்.

முதலில் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். கால் ஊன்றிக் குளிக்கிற இடம் மட்டும் கணக்கில் வரட்டும். ஆழமான தடாகத்தையும் படிக்கட்டையும் சேர்த்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். 200 சதுர மீட்டர் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 சதுர மீட்டர் விட்டால் 50 பேர். காலை 8 முதல் மாலை 4 வரை அனுமதி, ஆளுக்கு 40 நிமிடம் என்றால் 12 சுற்று, ஆக 600.

பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் எத்தனை பயணிகளை விடலாம் என்று கணக்கிட மிகுவேல் சிஃபுவென்டெஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் வகுத்த முறைப்படி இதை இரண்டு முறை குறைக்க வேண்டும். பாசி பிடித்து வழுக்கும் பாறை 50 சதுர மீட்டர் இருந்தால் 0.75-ஆல் பெருக்குங்கள்: 450. அடுத்தது நிர்வாகத் திறன். காவலர், கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பது வழக்கம். அது ஆபத்தானது, கழிப்பறை கூடுதலாக இருப்பதால் நீரில் விழுந்தவரைத் தூக்க ஆள் வந்துவிடாது. எது மிகக் குறைவோ அதையே எடுங்கள். உயிர்காப்பாளர் 5 பேர் தேவைப்படும் இடத்தில் 3 பேர் இருந்தால் 0.6: நாளைக்கு 270, ஒரு சுற்றுக்கு 22.

வண்டி நிறுத்துமிடத்தையும் சரிபாருங்கள். 15 வண்டி, வண்டிக்கு 5 பேர், ஒவ்வொன்றும் 2 மணி நேரம் நின்றால் 8 மணி நேரத்தில் 300 பேர். இது 270-க்குக் கீழே போனால் இதுவே வரம்பு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மொத்தமாக நண்பகலில் வந்து சேரும். அதனால் டோக்கனில் நேரம் எழுதியே கொடுக்க வேண்டும். வெறும் நாள் வரம்பு வைத்தால் 270 பேரும் 11 மணிக்கே பாறைமேல் நிற்பார்கள்.

தாமிரபரணிக் கரையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோவிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே மக்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறார்கள். ஆகவே இரவில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 50 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், அதுவும் நீரிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால். கீழே நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இதே தாமிரபரணித் தண்ணீரைத்தான்.

எண்ணிக்கையை அருவிக்கரையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே நிறுத்துங்கள். மலைப்பாதையில் ஏறிவிட்ட வண்டியைத் திருப்பி அனுப்ப இடம் கிடையாது.