நாலு சீட்டு என்றால் நாலு பேர் இல்லை: சின்ன விமானத்தில் வார இறுதிப் பயணம் போவது எப்படி?

இந்த விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தபோது தங்கை மகன் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். "பெரியம்மா, நீங்களும் பெரியப்பாவும் சனி, ஞாயிறு பிளேன்ல போறீகள்லா, அதை மொதல்ல இருந்து சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில். விமானம், நான்கு குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கிய 1979 மாடல் செஸ்னா 172. ஓட்டுவது அவர், பக்கத்து சீட்டில் நான், பின்னால் மகள். "சொந்த பிளேனா!" என்று ஊரில் கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். பங்குக்கு வாங்கிய பழைய டிராக்டர் ஒன்று தோட்டத்து ஷெட்டில் நிற்குமே, அதற்குச் சிறகு முளைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: லைசென்ஸ்

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், எல்லாரும் இதைத்தான் எழுதுகிறார்கள். தனியார் விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 17 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் 17 வயது, 40 மணி நேரம்தான். 40 மணியில் முடிப்பவர்கள் குறைவு. என் வீட்டுக்காரருக்கு 71 ஆனது. அதை அவர் வெளியில் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்.

படி 2: எல்லாரையும் தராசில் ஏற்று

இதுதான் முக்கியம். காரில் நான்கு பேர் உட்கார்ந்து, டிக்கியை நிரப்பி, டாங்கை நிரப்பி, மடியில் ஒரு பலாப்பழத்தையும் வைத்துக்கொண்டு கிளம்பலாம். விமானத்தில் அது நடக்காது. சீட்டு நான்கு இருக்கும். நான்கு ஆளையும் நிறைந்த டாங்கையும் சேர்த்துத் தூக்க அதனால் முடியாது.

எங்கள் விமானம் தரையை விட்டு எழும்பும்போது எல்லாம் சேர்த்து 1043 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானம் மட்டும் 670 கிலோ. மீதி 373. பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 151 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 109 கிலோ. ஆக, டாங்கை நிரப்பினால் ஆளுக்கும் பைக்கும் 264 கிலோதான். அவர் 82, நான் 66, மகள் 41. நாங்கள் மூவரும் 189. கவலையில்லை.

அத்தையும் மாமாவும் வந்திருந்தபோதுதான் கதை மாறியது. மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் சான் ஆன்டோனியோ போவதாகத் திட்டம். குளியலறைத் தராசை ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். மாமா பேசாமல் ஏறி நின்றார்: 74. அத்தை நகரவே இல்லை. "என்னத்துக்கு? நான் என்ன அரிசி மூடையா?" நம் பக்கம் விருந்தாளியை இப்படிக் கேட்கலாமா? கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டாக வேண்டும். உத்தேசமாக "ஒரு எழுபது இருப்பாக" என்று எழுதுகிற ஆள் விமானத்துக்கு லாயக்கில்லை. நானே முதலில் ஏறி நின்று என் எடையைச் சத்தமாகப் படித்தேன். அப்புறம்தான் அத்தை ஏறினார், அதுவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் எடை தனக்கே தெரியாதபடி. 79.

நாலு பேர் 301 கிலோ. பை இல்லாமலே 37 கிலோ கூடுதல். பை என்று அத்தை எடுத்து வைத்ததைத் தூக்கிப் பார்த்தேன், 11 கிலோ. உள்ளே ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை, இட்லிப் பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, ஊரில் இருந்து கொண்டுவந்த கருப்பட்டி அரை கிலோ.

ஆளைக் குறைக்க முடியாது. பெட்ரோலைக் குறைக்கலாம். ஆளும் எல்லார் பையும் சேர்த்து 321 என்று வைத்தால் பெட்ரோலுக்கு 52 கிலோ, அதாவது 72 லிட்டர். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும். இரண்டேகால் மணி நேரம். பகலில் அரை மணிக்கான பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம், எங்கள் வீட்டுச் சட்டம் ஒரு மணி. பறக்க மிஞ்சுவது ஒன்றேகால் மணி. சான் ஆன்டோனியோ அடிபட்டுப் போனது. கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டோம்.

பங்கு விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முந்தின வாரம் ஓட்டிய பங்காளி நல்லெண்ணத்தில் டாங்கை நிரப்பி வைத்துவிட்டால் உங்கள் கணக்கு காலி. வெளியே எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வியாழக்கிழமையே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் ஆனால் நுகத்தடியை மேலே தூக்கிவிடும். விமானத்தில் பின்பாரம் ஆனால் மூக்கு மேலே ஏறும், திரும்பக் கீழே இறக்க வால் சிறகுக்கு வலு போதாமல் போகலாம். அதனால் கனத்த ஆட்கள் முன்னால், லேசானவர்கள் பின்னால். சாமான் அறைக்குத் தனி உச்சவரம்பு உண்டு, எங்களுடையதில் 54 கிலோ. மொத்த எடையில் இடம் மிச்சம் இருந்தாலும் அங்கே அதற்கு மேல் வைக்கக் கூடாது.

படி 3: கோடு போடு

தங்கை மகனை ஊர் வரைபடத்திலேயே பழகச் சொன்னேன். நமக்குப் பக்கத்தில் வாகைகுளத்தில் இருக்கிறது தூத்துக்குடி விமான நிலையம். அங்கிருந்து மதுரைக்கு ஒரு கோடு, திருவனந்தபுரத்துக்கு ஒரு கோடு. அளந்து பார்த்தவன் நிமிர்ந்தான். "ரெண்டும் ஒரே தூரம் பெரியம்மா!" ஆமாம், இரண்டும் நேர்கோட்டில் 125 கிலோமீட்டர் வாக்கில்தான். விமானக் கணக்கில் 67 கடல் மைல். மணிக்கு 105 கடல் மைல் வேகத்தில் 40 நிமிடத்துக்குள்.

தூரம் ஒன்று, பயணம் ஒன்றல்ல. மதுரைக் கோடு ஏறக்குறைய நேர் வடக்கே, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டின் மேல் போகிறது. என்ஜின் நின்றுபோனால் இறக்க வெட்டவெளி கிடைக்கும். திருவனந்தபுரக் கோடோ பொதிகை உச்சிக்குச் சற்றுத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகிறது. பொதிகை 1868 மீட்டர், ஆறாயிரத்துச் சொச்சம் அடி. கீழே காடு, இறக்க ஒரு கைப்பிடி இடம் இல்லை. புதிதாகப் பழகுகிறவனுக்கு மதுரை.

கோடு போடும்போதே வரைபடத்தில் தடைப் பகுதிகளையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி ராக்கெட் என்ஜின் சோதனை மையமும் இருக்கும்போது இதை மறப்பது மடத்தனம். இந்தியாவில் பறப்புத் திட்டத்தை முன்கூட்டியே கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். போகிற இடத்தில் நமக்கான பெட்ரோல் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். பெரிய விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் ஜாதி. நம்முடையதற்கு ஏவ்கேஸ் என்கிற விமானப் பெட்ரோல் வேண்டும். கிடைக்காது என்றால் திரும்பி வருவதற்கும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும், மறுபடியும் படி 2.

படி 4: காற்றைக் கேள்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது செஸ்னா என்ன கணக்கு? தென்மேற்குப் பருவக்காற்று மலையின் கேரளப் பக்கம் மோதி மேலே ஏறுகிறது, அங்கே மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் சரிந்து இறங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வருவதைத்தான் முப்பந்தல் காற்றாலைகள் அறுவடை செய்கின்றன. நமக்குக் கீழே சில்லென்று வீசும் அதே காற்று, மலையடிவாரத்துக்கு மேலே சின்ன விமானத்தைக் கீழே அமுக்கும். எங்கள் விமானம் அந்த உயரத்தில் நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு அடிதான் ஏறும். காற்று அதைவிட வேகமாக இறங்கினால், மூக்கை எவ்வளவு தூக்கினாலும் தாழ்ந்துகொண்டேதான் இருக்கும்.

மலை தாண்டுகிறவர்கள் உச்சிக்கு மேல் குறைந்தது ஆயிரம் அடி, காற்று இருந்தால் இரண்டாயிரம் அடி வைத்துக்கொள்வார்கள். நேராகப் போய் முட்டாமல் 45 டிகிரி சாய்வாக நெருங்குவார்கள், ஒத்துவரவில்லை என்றால் சட்டென்று திரும்பிவிடலாம். வெயிலுக்கும் இதே எச்சரிக்கை. சித்திரை மத்தியானத்தில் காற்று லேசாகிவிடும், ஓடுதளத்தில் கூடுதலாக ஓடினால்தான் எழும்பும். குடும்பத்தோடு போவதென்றால் விடியற்காலை.

படி 5: "வேண்டாம்" சொல்லும் உரிமை

எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. இருவரில் ஒருவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் அவ்வளவுதான். ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது. இது சும்மா வரவில்லை.

இரண்டு வருடம் முன்னால் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்து ஞாயிறு மாலை கிளம்ப வேண்டும். திங்கள் காலை மகளுக்குப் பரீட்சை. கடலில் இருந்து தாழ்ந்த மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவரிடம் இருப்பது கண்ணால் பார்த்து ஓட்டுகிற உரிமம் மட்டும்தான், மேகத்துக்குள் கருவியைப் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லை. "அடியில் நுழைஞ்சு போயிடலாம், முக்கால் மணி நேரந்தானே" என்றார். நான் பின் சீட்டில் பெல்ட் போட்டுத் தயாராக இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். இரவு முழுக்க அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. லாட்ஜ் அறையில் மூன்று பேரும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுத்தோம். பரீட்சை போனது, பள்ளியில் இருந்து கண்டனக் கடிதம் வந்தது.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று தங்கை மகன் கேட்டான். கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாதில்லையா, அதேதான். உள்காது பொய் சொல்லும். விமானம் சரிந்து சுழலும்போது நேராகப் போவதாகத் தோன்றும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னார்கள். கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடி.

படி 6: சுற்றி வா

காலையில் விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பதை விமானிதான் செய்ய வேண்டும். ஆனாலும் ஒரு வேலை என்னுடையது, யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு சிறகின் அடியிலும் மூக்கின் அடியிலும் சிறு வடிகால் முனை இருக்கும். கையகல பிளாஸ்டிக் குவளையை அதில் வைத்து அமுக்கினால் பெட்ரோல் இறங்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். ஏவ்கேஸ் லேசான நீலமாக இருக்கும், சொட்டு நீலம் போட்டு அலசிய தண்ணீர் மாதிரி. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் ஒரு குமிழாக உட்கார்ந்து, குவளையைச் சாய்த்தால் உருளும். குமிழ் போகும்வரை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். குவளை முழுக்கவே தெளிவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், மொத்தமும் தண்ணீராக இருக்கலாம். நீலம் இருக்கிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

பெட்ரோல் முள்ளை நம்பக் கூடாது. சிறகு உயரத்துக்கு ஏறி நின்று, மூடியைத் திறந்து, அளவுகுச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்.

படி 7: உள்ளே உட்கார்ந்த பிறகு

எல்லாருக்கும் ஹெட்செட், இல்லாவிட்டால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. எழும்பும்போதும் இறங்கும்போதும் யாரும் பேசக் கூடாது. மகள் பழகிவிட்டாள், அத்தைக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இறங்குகையில் காது அடைக்கும், புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டே இருந்தால் சரியாகும். வாந்திக்குப் பாலிதீன் பை, கைக்கு எட்டும் இடத்தில். கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் காபி அரை டம்ளர்தான், அதையும் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும்.

அன்று மாலைக்குள் தங்கை மகன் மதுரைப் பயணத்தை நோட்டில் முடித்துவிட்டான். அவன் ஓட்டுகிறான், அவன் அப்பா, அம்மா, ஆச்சி உடன் வருகிறார்கள். நாலு பேரையும் தெருமுனைக் கடைத் தராசில் நிற்கவைத்து எழுதியிருந்தான்: 277 கிலோ. மதுரையில் பெட்ரோல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, போய்வரவும் ஒரு மணி நேர மிச்சத்துக்குமாக 78 லிட்டர், 56 கிலோ. ஆக 1003. இன்னும் 40 கிலோ இடம் இருக்கிறது.

உள்ளிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அப்பம் வரும்போது மருதையில ஒரு பித்தளை அண்டா வாங்கிட்டு வரலாம்லா?"

அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பி, "திரும்பும்போது" என்று தலைப்புப் போட்டு, "அண்டா எத்தனை கிலோம்மா?" என்று கேட்டான்.