உருமாறும் வயிற்றுக் கிருமியும் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது நெஞ்சு எரிந்தால் முதலில் வாயில் வருவது "கெஸ்ட்ரைட்டிஸ்", அதாவது இரைப்பை அழற்சி. அடுத்து வருவது வயிற்று அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை. ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகிற ஒருவரிடம் சொல்லிவிட்டால் பார்மசியில் ஓர் அட்டை வாங்கி வந்துவிடுவார். எரிச்சல் அடங்கும், மறுநாள் கொழுந்து எடுக்கப் போகலாம். சில வாரங்களில் மறுபடி எரியும், மறுபடி ஓர் அட்டை வரும். வருடக்கணக்கில் இப்படியே காலம் தள்ளுகிறவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர். அவர்களில் சிலருடைய வயிற்றில் புண்ணை உண்டாக்கக்கூடிய ஒரு பக்டீரியா இருக்கக்கூடும். அதற்கு நெருக்கடி வந்தால் அது என்ன செய்யும் என்று தெரிந்தால், நாம் எங்கே பிழை விடுகிறோம் என்பது விளங்கும்.

அதன் பெயர் ஹெலிகோபக்டர் பைலோரி. வசதியான சூழலில் அது சுருள் வடிவத்தில் இருக்கும். நீளம் சுமார் 2 முதல் 4 மைக்ரோமீற்றர். ஒரு முனையில் வால் போன்ற சில சவுக்குமுளைகள் உண்டு. அவற்றைச் சுழற்றி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் துளைத்துப் போய்த் தங்கிவிடும். யூரியேஸ் என்ற நொதியத்தால் யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். ஒட்சிசன் கூடினாலோ, சத்துத் தீர்ந்தாலோ, வெப்பநிலை ஒத்துவராவிட்டாலோ, கொல்லப் போதாத அளவு அன்டிபயோட்டிக் பட்டாலோ அதன் உடல் வளையத் தொடங்கும். முதலில் லாடம் மாதிரி வளைந்து, அப்புறம் முழு உருண்டையாகிவிடும். உருண்டையான பிறகு அது பெருகுவதில்லை. ஆய்வுகூடத் தட்டில் இட்டாலும் வளராது. ஆனாலும் அவற்றில் ஒரு பகுதி உயிரோடு இருப்பதற்கான அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன.

இந்த உருண்டைகள் செத்துக்கொண்டிருக்கும் கிருமிகளா, ஒளிந்து தூங்கும் கிருமிகளா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டு வகையும் கலந்திருக்கின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. தன் செல்சுவரை வெட்டித் திருத்தும் AmiA என்ற நொதியம் இல்லாத கிருமிகள் உருண்டையாக மாறவில்லை என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சும்மா சாகிற உடல் சுருண்டுகொள்வதாக இருந்தால் அதற்கென்று ஒரு நொதியம் தேவைப்படாது. சுவர் இப்படி மாறிய பிறகு நம் உடலின் காவல் செல்களுக்கும் அதை அடையாளம் காண்பது கடினமாகிறது.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உருண்டையானது புதிய கிருமி அல்ல. அதன் மரபணுக்கள் பழையபடியேதான் இருக்கின்றன. கிளாரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குக்குக் கிருமி நிரந்தரமாகப் பழகிப்போவது வேறு விஷயம், அது மரபணு மாறுவதால் வருவது. சிகிச்சை தோற்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த மருந்து எதிர்ப்பையும், ஒழுங்காகக் குடிக்காத மாத்திரைகளையும்தான். உருமாற்றத்தின் மீது முழுப் பழியையும் போட்டுவிட முடியாது.

நான் அதிகம் கவலைப்படும் தவறு, ஒமிப்ரசோல் குடித்துக்கொண்டே பரிசோதனைக்குப் போவது. மூச்சுப் பரிசோதனையில் அடையாளமிட்ட காபன் உள்ள யூரியாவைக் குடிக்கத் தருவார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அதை உடைக்கும், அந்தக் காபன் காபனீரொட்சைட்டாக மூச்சில் வெளிவரும். அமிலத்தை அடக்கும் மாத்திரை உள்ளே இருக்கும்போது கிருமிகளின் எண்ணிக்கை குறையும், யூரியேஸின் வேலையும் மந்தமாகும், சில கிருமிகள் உருண்டையாகவும் போகலாம். அந்த நேரத்தில் சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். "அக்கா, கிருமி இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்த ஒருவர், உள்ளே வளரும் புண்ணோடு இன்னும் பல வருடம் இருந்துவிடுவார். மலப் பரிசோதனைக்கும், வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் என்டோஸ்கோப்பியில் எடுக்கும் துண்டுக்கும் இதே சிக்கல் உண்டு.

அதனால் பரிசோதனைக்கு முன் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை 2 வாரமும், அன்டிபயோட்டிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரமும் நிறுத்தச் சொல்வார்கள். இதைத் தானாகச் செய்யக்கூடாது. முன்பு வயிற்றில் இரத்தம் கசிந்தவரும், இருதயத்துக்காக அஸ்பிரின் குடிப்பவரும் டொக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஆபத்து. கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்: பார்மசியில் வாங்கியது, பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டது, எல்லாவற்றையும். வெற்று அட்டைகளைக் கையோடு எடுத்துப் போனால் பெயர் தடுமாறாது.

தட்டில் வளரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கிருமி இல்லை என்று முடிவுகட்டுவதும் இதே இனத்துத் தவறுதான். இந்தக் கிருமியின் வரலாறே அதற்குச் சாட்சி. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரு டொக்டர்கள் நோயாளிகளின் இரைப்பைத் துண்டுகளை வளர்க்கப் பார்த்தபோது, 2 நாளில் ஒன்றும் தெரியாததால் தட்டுகள் கழிக்கப்பட்டு வந்தன. 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் அப்படியே கிடந்ததால்தான் கிருமி வளர்ந்து கண்ணில் பட்டது. மெதுவாக வளரும், ஒட்சிசன் கொஞ்சமாகத்தான் வேண்டும், சூழல் பிடிக்காவிட்டால் உருண்டையாகிவிடும். இப்படிப்பட்ட ஒன்று தட்டில் எளிதில் அகப்படாது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார், இரைப்பை அழற்சி வந்தது. காரத்தாலும் மனக்கவலையாலும்தான் வயிற்றுப்புண் வருகிறது என்ற பழைய எண்ணம் அதற்குப் பிறகுதான் ஆட்டங்கண்டது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது மருந்தைப் பாதியில் விடுவது. வழக்கமாக 14 நாள், மூன்று அல்லது நான்கு மருந்துகள் சேர்த்துத் தருவார்கள். நாலாம் நாள் வயிறு கழியும், வாய் கசக்கும். அரை நாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது முழு நாள் வேலையாகக் கணக்கில் வராது, சம்பளம் குறையும். ஆகவே மாத்திரையை நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாதி மருந்து கிருமியைக் கொல்லாமல் நெருக்கடியில் மட்டும் தள்ளுகிறது. சில உருண்டையாகிப் பதுங்கலாம், எதிர்ப்பு உள்ளவை தப்பிப் பெருகும். தொடங்கும் முன்பே டொக்டரிடம் வேலை நிலைமையைச் சொல்லி, 14 நாளும் தாக்குப்பிடிக்கக்கூடிய காலமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. தந்த மருந்துகளில் மெட்ரோனிடசோல் இருந்தால் அந்த நாட்களில் சாராயம் கூடவே கூடாது. மிஞ்சிய அமொக்சிசிலினை டின்னில் போட்டு வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்பொருளை இரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி அழிந்த பிறகும் அது நீண்ட காலம் "உண்டு" என்றே காட்டும். உருண்டைக் கிருமி சாகவே சாகாது என்று பயமுறுத்தி லேகியம் விற்பவர்களையும் நம்ப வேண்டாம். சரியான மருந்தை முழுதாகக் குடித்தவர்களில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள்.

எல்லா எரிச்சலுக்கும் இந்தக் கிருமியே காரணம் என்று நினைப்பதும் பிழை. இந்தியாவோடு ஒப்பிட்டால் இலங்கையில் இதன் பரவல் குறைவு என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடை சுமந்து முதுகும் முழங்காலும் வலிக்கும் பெண்கள் வெறும் வயிற்றில் போடும் டைக்குளோபினக், இபுபுரூபன் மாத்திரைகளே பலருக்குப் புண்ணை உண்டாக்குகின்றன. கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். கிருமி பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நீரில் அதன் மரபணு பல நாடுகளில் அகப்பட்டிருந்தாலும் உயிருள்ள கிருமியை வளர்த்தெடுத்தது அபூர்வம், குளிர்ந்த நீரில் அது உருண்டையாகிவிடுவது அதற்கு ஒரு காரணம். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதை விட்டுவிடாதீர்கள், வேறு பல நோய்களையும் அது தடுக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடே போதும். ஆனால் ஆவி வந்ததும் இறக்கிவிடாமல், தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும்.

மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால், இரத்த வாந்தி வந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் பார்மசிக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத்தும் மலத்தைக் கறுக்க வைக்கும். அதனால் அவற்றைக் குடிப்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள். கறுத்ததற்கு மாத்திரைதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.