'மேக்பெத்' நாடகத்தின் மொழி உத்திகள்: தொடக்க நிலையினருக்குப் படிப்படியாக

உருவகம், மோனை, முரண் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு நாடகத்துக்குள் போகிறவர்களின் கட்டுரையில் பெயர்கள்தான் மிஞ்சும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுவோம். முதலில் வரி, அடுத்து அந்த வரி செய்யும் வேலை, உத்தியின் பெயர் கடைசியில். பயிற்சிக்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நல்ல தேர்வு. தன் மன்னர் டங்கனைக் கொன்று அரியணை ஏறும் மேக்பெத்தின் கதை இது. அவருடைய துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது, சொற்களின் பின்னலும் இதில் மிக நெருக்கம்.

வரி எண் போட்ட ஒரு பதிப்பு, இரண்டு நிறப் பென்சில்கள், ஒரு நோட்டு போதும். 1606 வாக்கில் எழுதப்பட்ட இந்த நாடகம் முதன்முதலாக அச்சேறியது 1623இல், ஷேக்ஸ்பியர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து. பதிப்பாசிரியர்கள் சில இடங்களில் வரிகளை வெவ்வேறாகப் பிரிப்பதால், வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தொடங்கிய பதிப்பையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 2.2 என்றால் 2ஆம் அங்கம், 2ஆம் காட்சி.

படி 1: பென்சிலைத் தொடாமல் ஒரு வாசிப்பு

முழு நாடகத்தையும் ஒருமுறை கதைக்காகவே படியுங்கள். யாருக்கு எந்தச் செய்தி எப்போது தெரிகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். இது பிடிபடாவிட்டால் படி 4இல் தடுமாறுவீர்கள்.

படி 2: செய்யுளா, உரைநடையா?

பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். வரி வலது ஓரத்தைத் தொடுமுன் முடிந்து, அடுத்த வரி பெரிய எழுத்தில் தொடங்கினால் செய்யுள். ஓரம்வரை ஓடினால் உரைநடை.

செய்யுள் என்றால் விரல்விட்டு எண்ணுங்கள். மேக்பெத் பேசும் முதல் வரி (1.3): 'ஸோ ஃபௌல் அண்ட் ஃபேர் அ டே ஐ ஹேவ் நாட் ஸீன்'. பத்து அசை (சிலபிள்). மெலிவு, அழுத்தம், மெலிவு, அழுத்தம் என்று ஐந்து இணை. பெருமக்கள் பேசும் அடிப்படை நடை இது. சூனியக்காரிகளோ 1.1இல் 'ஃபேர் இஸ் ஃபௌல், அண்ட் ஃபௌல் இஸ் ஃபேர்' என்கிறார்கள். ஏழே அசை, எடுத்த எடுப்பிலேயே அழுத்தம். மந்திரம் ஓதுவதுபோல் காதில் விழுவது அதனால்தான்.

இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். சூனியக்காரிகளை இன்னும் சந்திக்காத மேக்பெத், அவர்கள் சொன்ன அதே இரு சொற்களோடு ('ஃபேர்' நல்லது, 'ஃபௌல்' கெட்டது) மேடைக்கு வருகிறான். அவன் சொல்ல வந்தது மோசமான வானிலையும் போரில் கிடைத்த வெற்றியும்தான். ஆனால் அவர்கள் பேச்சு அவன் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. 'இங்கே மோனை உள்ளது' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் இதைத் தவறவிடுவோம்.

தமிழ் யாப்பு படித்தவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். குறில், நெடில் பார்த்து நேர், நிரை பிரிக்கும் பழக்கம் இங்கே உதவாது. ஆங்கிலத்தில் கணக்கு குரலின் அழுத்தத்துக்குத்தான். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

படி 3: ஒரு சொல்லைப் பின்தொடருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். 'ரத்தம்' வரும் இடமெல்லாம் வண்ணம் தீட்டப் போனால் புத்தகமே சிவந்துவிடும். ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் மூன்று இடங்கள் கிடைத்தால் போதும். 'டன்' (done) என்ற சின்னச் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

1.7இல், கொலைக்கு முன் மேக்பெத் தனிமொழியில் சொல்கிறான்: 'இஃப் இட் வேர் டன் வென் டிஸ் டன்'. முதல் 'டன்' முடிந்துபோவது, இரண்டாவது செய்வது. 'செய்ததோடு முடிந்துவிடும் என்றால்...' என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. ஒரே சொல் வேறு பொருளில் மீண்டும் வருவதால், நம் அணியிலக்கணப்படி இதைச் சொற்பின்வருநிலையணி என்றே சொல்லலாம். கொலையைக் குறிக்க அந்த வரியில் அவன் பயன்படுத்துவது 'அது' என்ற சொல்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3.2இல் அவன் மனைவி தேற்றுகிறாள்: 'வாட்ஸ் டன் இஸ் டன்'. நடந்தது நடந்துவிட்டது, விட்டுவிடு.

5.1இல் அவளே தூக்கத்தில் நடந்தபடி சொல்கிறாள்: 'வாட்ஸ் டன் கெனாட் பி அன்டன்'. செய்ததை இல்லையென்று ஆக்க முடியாது. 1.7இல் கணவன் எழுப்பிய கேள்விக்கு நாலு அங்கம் தள்ளி மனைவியின் வாயில் விடை வருகிறது. கேள்வி செய்யுளில், விடை உரைநடையில். அதுவரை செய்யுளில் கம்பீரமாகப் பேசியவளின் பேச்சு இந்தக் காட்சியில் துண்டு துண்டாக உடைந்து விழுகிறது. படி 2இல் குறித்தது இங்கே கைகொடுக்கும்.

கையும் தண்ணீரும் இதே காட்சியில்தான் வந்து சேர்கின்றன. கொலை நடந்த இரவில் (2.2) கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும் என்றவள், 5.1இல் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் கால் மணி நேரம்கூட இப்படியே செய்வாள் என்கிறாள் பணிப்பெண்.

2.2இல் மேக்பெத்தின் வரியையும் உற்றுப் பாருங்கள். கடல் நீரெல்லாம் தன் கையைக் கழுவாது, தன் கைதான் கடல்களைச் சிவப்பாக்கும் என்கிறான். 'மல்டிட்யூடினஸ்' (எண்ணற்ற) ஐந்து அசை, 'இன்கார்னடைன்' (சிவப்பாக்கு) நான்கு. வாய் நிறையும் இந்த நீண்ட சொற்களுக்குப் பின் 'மேக்கிங் த க்ரீன் ஒன் ரெட்' என்று சின்னச் சொற்களாக வருகின்றன. கடலளவு விரிந்த பேச்சு ஒரே நிறத்தில் போய் ஒடுங்குகிறது. மிகைப்படுத்தல் என்ற பெயர் சரிதான், ஆனால் வேலையைச் செய்வது அந்த நீளமும் குறுக்கமும்.

படி 4: நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்: பாத்திரத்துக்குத் தெரிந்தது, பார்வையாளருக்குத் தெரிந்தது. 1.4இல் துரோகம் செய்த ஒரு பிரபுவைப் பற்றி மன்னர் டங்கன், முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்கும் வித்தை எதுவும் இல்லை, அவனை முழுமையாக நம்பியிருந்தேன் என்கிறார். அந்த நொடியில் மேக்பெத் உள்ளே வருகிறான். முந்தைய காட்சியிலேயே கொலை எண்ணம் அவனுக்குள் எட்டிப் பார்த்ததை நாம் கேட்டுவிட்டோம். மேடைக்குறிப்பும் வசனமும் சேர்ந்துதான் இந்த நாடக முரண் உருவாகிறது. வசனத்தை மட்டும் மேற்கோள் காட்டினால் பாதிதான் கிடைக்கும், நுழைவையும் சேர்த்து எழுதுங்கள்.

4.1இல் மேக்பெத்துக்குக் கிடைக்கும் இருபொருள் வாக்குகளுக்கும் இதே பத்திகளைப் பயன்படுத்தலாம், ஒரு மாற்றத்தோடு. பெண் ஈன்ற எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்ற வாக்கில் ஒளிந்திருக்கும் பொருள் அந்த நேரத்தில் நமக்கும் தெரியாது. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் தான் என்று 5.8இல் அவனை எதிர்த்துப் போரிடும் மேக்டஃப் சொல்லும்போதுதான் விளங்கும். இது வேறு உத்தி, நாடக முரணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 5: பத்தியாக எழுதுவது

ஒரு பத்திக்கு ஒரு இழை, ஐந்தாறு வாக்கியம். மேற்கோள் மூன்று முதல் எட்டுச் சொற்களுக்குள் இருக்கட்டும். யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்பது முதல் வாக்கியத்திலேயே வரட்டும்.

'ஷேக்ஸ்பியர் படிமத்தைச் சிறப்பாகப் பயன்படுத்துகிறார்' என்ற வாக்கியம் எந்த நாடகத்துக்கும் பொருந்தும், அதை அடித்துவிடுங்கள். '2.2இல் கொஞ்சம் தண்ணீரில் போய்விடும் என்று அவள் நம்பிய கறை, 5.1இல் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது' என்ற வாக்கியம் இந்த நாடகத்துக்கே உரியது.

எழுதி முடித்ததும் உத்திப் பெயர்களை விரலால் மறைத்துப் படியுங்கள். வாக்கியம் அப்போதும் ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் படி 3க்குத் திரும்பி, அந்த வரியை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.