ரொறன்ரோவில் வீட்டு வளவு மரம் தறிக்கப் போகிறீர்களா? முதலில் அளவு நாடாவை எடுங்கள்

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அடுத்த தெருவில் மரம் வெட்டிக்கொண்டு நிற்கிறாராம், லொறியும் ஆட்களும் இங்கேயே இருக்கிறார்களாம், எங்கள் பின்வளவு நோர்வே மேப்பிளையும் இன்றைக்கே இறக்குவதென்றால் பாதிக் காசுக்குச் செய்வாராம். "பேர்மிற் ஒண்டும் தேவையில்லை அண்ணை, உங்கட வளவு, உங்கட மரம்." எனக்கும் ஆசைதான். அந்த மரத்தின் நிழலில் கத்தரியும் வராது, வெண்டியும் வராது. நல்லவேளை, மனைவி தையல் பெட்டிக்குள் கிடந்த நாடாவோடு வெளியே வந்தார். சுற்றளவு 131 சென்ரிமீற்றர். வந்தவரை அனுப்பிவிட்டோம்.

ஏன் அனுப்பினோம் என்பதில் இருந்து தொடங்குகிறேன். வீடு வாங்கிப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அளவுங்கள்

நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில், கிட்டத்தட்ட நெஞ்சு மட்டத்தில், தண்டைச் சுற்றி நாடாவைப் பிடியுங்கள். ரொறன்ரோ மாநகரசபையின் மரச் சட்டம் (நகரசபைக் கோவையின் 813ஆம் அத்தியாயம்) பார்ப்பது விட்டத்தை: 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், தனியார் வளவில் நிற்கும் மரமானாலும் அனுமதி இல்லாமல் தறிக்கவோ காயப்படுத்தவோ கூடாது. சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். கணக்குப் பார்க்கப் பஞ்சியென்றால் 94 என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். நாடா 94 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அனுமதி வேண்டும். எங்கள் 131ஐ வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 42.

அதற்குக் குறைந்தால் வெட்டலாமா? பெரும்பாலும் ஆம், ஆனால் உங்கள் வளவு பள்ளத்தாக்குப் பாதுகாப்பு எல்லைக்குள் விழுந்தால் இல்லை. ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக், றூஜ் ஆற்றுப் பக்கம் பின்வளவு சரிந்து போகும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த எல்லைக்குள் சுண்டுவிரல் மொத்தக் கன்றுக்கும் அனுமதி வேண்டும், மண் கொட்டி மேடாக்கவும் அனுமதி வேண்டும். பக்கத்து நகரமான மார்க்கமில் (Markham) இருப்பவர்களே, உங்கள் கணக்கு வேறு: அங்கே 20 சென்ரிமீற்றர் விட்டம், அதாவது 63 சென்ரிமீற்றர் சுற்றளவு. இரண்டு நகரங்களுக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்கு இந்தப் பக்கம் இருக்கும் மச்சானின் அனுபவத்தை நம்பி அந்தப் பக்கத்தில் வெட்டாதீர்கள்.

தண்டம் என்ன என்று கேட்பீர்கள். ஒரு மரத்துக்குக் குறைந்தது 500 டொலர், கூடினால் 1,00,000 டொலர் வரை. வெட்டினவரோடு போகாது, வெட்டச் சொன்னவருக்கும் வரும்.

படி 2: மரம் யாருடையது?

நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். முன்வாசலில், நடைபாதையை ஒட்டி நிற்கும் மரத்துக்கு நீங்கள் பத்து வருடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஆனாலும் அது மாநகரசபையின் மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் புல்வெளி என்று நீங்கள் நினைக்கும் முன்பகுதியில் சில மீற்றர் சபையின் வீதிக் காணி. அதில் நிற்கும் மரத்துக்கு அளவுக் கணக்கே இல்லை, எந்தப் பருமனானாலும் தொடக்கூடாது. கொப்பு காய்ந்திருந்தால் மாநகரசபையின் தொலைபேசி எண்ணான 311க்கு அழையுங்கள், அவர்களே வந்து பார்ப்பார்கள்.

அடுத்தது எல்லை மரம். ஊரில் கதியால் சண்டைக்குக் கோடு ஏறின பரம்பரை நாங்கள், இதை விளக்கத் தேவையில்லை. ஒன்ராறியோ வனச் சட்டத்தின்படி, அடிமரம் எல்லைக்கோட்டில் வளர்ந்தால் மரம் இரண்டு வீட்டுக்கும் பொது. மற்றவரின் சம்மதம் இல்லாமல் வெட்டுவது குற்றம். அடிமரம் என்பது நிலத்தைத் தொடும் இடம் மட்டுமல்ல, வேர்க்கழுத்தில் இருந்து முதல் கிளை பிரியும் இடம் வரைக்கும் என்று ஒரு ரொறன்ரோ வழக்கில் தீர்ப்பானது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆகவே அடியில் உங்கள் பக்கம் நின்று, மேலே சாய்ந்து கோட்டைத் தாண்டும் தண்டும் பொது மரம்தான். வேலியை எல்லை என்று நம்பவேண்டாம். வேலி போட்டவர் எங்கே வசதியோ அங்கே போட்டிருப்பார். வீடு வாங்கும்போது கிடைத்த நில அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள்.

படி 3: ஏன் வெட்ட வேண்டும்?

இலை கொட்டிப் பீலி அடைக்கிறது, நிழல் விழுகிறது, பறவை எச்சமிடுகிறது... நல்ல சுகமான மரத்துக்கு இவை பெரிதாக எடுபடாது. மாநகரசபை அனுமதி மறுத்தால், உங்கள் பகுதி மாநகரசபை உறுப்பினர்கள் கூடும் சமூக சபையிடம் (Community Council) மேல்முறையீடு செய்யலாம்.

மரம் செத்துவிட்டது, தீராத நோய், இல்லாவிட்டால் உடனே விழும் ஆபத்தில் நிற்கிறது என்றால் வழக்கமான அனுமதி தேவையில்லை. அதற்காகப் பேசாமல் வெட்டிவிடவும் கூடாது. படங்களையும் ஆர்பரிஸ்ற் (மர வைத்தியர் மாதிரி) எழுதிய அறிக்கையையும் அனுப்பி, சபை ஒப்புக்கொண்ட பிறகுதான் வாள். ஆஷ் மரம் உள்ளவர்களுக்கு இது அநேகமாக வரும். ஆஷ் மரத்தின் பட்டைக்குள் துளைக்கும் ஒரு பச்சை வண்டு ரொறன்ரோவில் 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது, மருந்து ஏற்றாத ஆஷ் மரங்களில் தப்பியது குறைவு.

கிளை மட்டும்தான் தொல்லை என்றால், உங்கள் சொந்த மரத்தை முறைப்படி கவ்வாத்துப் பண்ண அனுமதி தேவையில்லை. நான் கடைசியில் செய்தது அதுதான்.

படி 4: விண்ணப்பம்

முதலில் ஒரு ஆர்பரிஸ்ற்றைப் பிடியுங்கள். ஐஎஸ்ஏ (ISA, சர்வதேச மரவளர்ப்புச் சங்கம்) சான்றிதழ் எண்ணையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கேளுங்கள், தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அறிக்கை எழுதுகிறவரும் வெட்டுகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். வெட்டிச் சம்பாதிப்பவருக்கு எல்லா மரமும் ஆபத்தாகத்தான் தெரியும். விண்ணப்பப் படிவம், அறிக்கை, படங்கள், மரம் நிற்கும் இடம் குறித்த வரைபடம், கட்டணம், எல்லை மரமானால் அயலவரின் கையெழுத்து ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பவேண்டும்.

வேர் வெட்டுவதும் காயம்தான் என்பதை மறக்காதீர்கள். டிரைவ்வேயை அகலமாக்கி இன்ரலொக் போடுபவர்கள், பின்னால் கட்டடம் கூட்டுபவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். எங்கள் மேப்பிள் பருமனுக்குச் சுற்றிவர 3 மீற்றர் கிண்டக்கூடாது. அதற்குள் கிண்டத்தான் வேண்டுமென்றால் அதற்கும் விண்ணப்பம்.

படி 5: நடுங்கள்

அனுமதி கிடைத்தால், பதிலுக்கு மரம் நடும் நிபந்தனையோடுதான் வரும். இடமில்லாவிட்டால் பணமாகக் கட்டச் சொல்வார்கள். நிபந்தனை இல்லாமலும் நடலாம்: வீட்டு முன்னால் சபைக் காணியில் இடம் இருந்தால் 311இல் கேளுங்கள், இலவசமாக வந்து நடுவார்கள். பின்வளவுக்கு 'லீஃப்' என்ற தொண்டு நிறுவனம் சலுகை விலையில் உள்ளூர் இன மரங்களைத் தருகிறது, ஆர்பரிஸ்ற் வந்து இடமும் பார்த்துச் சொல்வார்.

கிண்ட முன், நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத் தரும் சேவையான ஒன்ராறியோ வன் கோலுக்கு (Ontario One Call) அறிவியுங்கள். குறைந்தது ஐந்து வேலை நாட்கள் முன்னதாக. காஸ் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாகக் கோடு போட்டுத் தருவார்கள்.

குழி ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும்: சட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாழைக்குட்டி நடுவதுபோல ஆழப் புதைத்தால் மரம் மெல்ல மெல்லச் சாகும். தண்டு விரிந்து வேராகும் இடம் மண் மட்டத்தில் தெரியவேண்டும். சட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரைப் பிரித்துவிடுங்கள். மரச்சீவலைத் தண்டில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள், தண்டோடு எரிமலை மாதிரிக் குவித்தால் பட்டை அழுகும். முதல் இரண்டு மூன்று கோடைக்கும் வாரத்துக்கு ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடவேண்டும்.

நாங்கள் மேப்பிளின் கீழ்க்கிளைகளை எடுத்துவிட்டோம். கத்தரி இப்போது வாளிகளில், தெற்குப் பக்கச் சுவரோரம் நிற்கிறது. வேலி மூலையில் ஒரு சேர்விஸ்பெரியும் நட்டோம். ஜூனில் பழுக்கும் என்றார்கள், பழுத்தது. நாங்கள் கண்டது நாலு பழம், மிச்சம் றொபின்களுக்கு.