சஃபோக் பஞ்ச் வளர்ப்பு: ஆன்லைன் குதிரை விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபுக் குதிரையோ ஃப்ரீசியனோ என்றால் ஒரு சேர்க்கை சொதப்பினாலும் சந்தைக்குப் போய் அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். அரிய இழுவைக் குதிரை இனத்துக்கு அந்த வசதி இல்லை. சர்வர் முழுக்கத் தேடினாலும் சில டஜன் குதிரைகள்தான் தேறும். அதில் ஒருவர் செய்யும் தவறு அவருடைய லாயத்தோடு நிற்காது. அடுத்தடுத்த தலைமுறைகளில் மற்றவர்களின் குட்டிகளிலும் அது தலைகாட்டும்.

இங்கே சஃபோக் பஞ்ச் இனத்தை எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், கனத்த களிமண் நிலத்தை உழுவதற்கென்றே உருவான குதிரை இது. ஷயர், கிளைட்ஸ்டேல் குதிரைகளுக்கு இருப்பதுபோல் காலில் அடர்ந்த மயிர் கிடையாது, அதனால் சேறு அப்பிக்கொள்ளாது. டிராக்டர் வந்தபின் 1966-ல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது. இன்று உயிரோடிருக்கும் அத்தனை சஃபோக் குதிரைகளும் தந்தை வழியில் 1768-ல் பிறந்த ஒரே ஆண்குதிரையில் போய் முடிகின்றன. எண்ணிக்கை குறைந்த இனம் எப்படி நெருக்கடிக்குள் போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கீழே வரும் கணக்குகள் மற்ற அரிய இனங்களுக்கும் பொருந்தும்.

ஒரே ஆண்குதிரையின் பின்னால் ஓடுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான். புள்ளிகளில் முதலிடம் பிடித்த ஆண்குதிரை ஒன்று வந்துவிட்டால், எல்லாரும் தங்கள் பெட்டைகளை அதனிடமே கொண்டுபோவார்கள். சேர்க்கைக் கட்டணமும் மலிவாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் தலைமுறைக் குட்டிகள் அருமையாக இருக்கும். அவை வளர்ந்து சேர்க்கைக்குத் தயாராகும்போதுதான் எல்லாமே ஒரு தந்தை மக்கள் என்பது உறைக்கும். ஒன்றோடொன்று சேர்த்தால் பிறக்கும் குட்டியின் இன்பிரீடிங், அதாவது உறவுக்குள் சேர்த்ததால் வரும் இரத்தக் கலப்பின் அளவு, 12.5 சதவீதம்.

இதை முன்கூட்டியே கணக்கிட எளிய வழி உண்டு. ஆண்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மீண்டும் 4-ஆல் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். ஓர் ஆண், 20 பெட்டைகள் என்றால் 4×1×20÷21, அதாவது 3.8. பார்வைக்கு 21 குதிரைகள் நின்றாலும் மரபளவில் அது நான்கு குதிரைகள்கூட இல்லாத மந்தை. அதே 21-ஐ 4 ஆண், 17 பெட்டை என்று மாற்றினால் விடை ஏறத்தாழ 13. இந்த எண்ணை இரட்டிப்பாக்கி 1-ஐ அதனால் வகுத்தால், ஒரு தலைமுறைக்கு இன்பிரீடிங் எவ்வளவு ஏறும் என்று தெரியும். முதல் மந்தையில் 13 சதவீதம், இரண்டாவதில் 4 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று ஆண்குதிரைகளைக் கூடுதலாக வைத்திருப்பதால் கிடைக்கும் பலன் இது. ஆகவே இரண்டாம், மூன்றாம் இடத்து ஆண்களைப் புள்ளி குறைவு என்று விற்றுத் தள்ளாதீர்கள். உங்களிடம் இருப்பதுதான் அந்த முதலிடக் குதிரை என்றால், சேர்க்கைக் கட்டணத்தைத் துணிந்து ஏற்றுங்கள். வெளியாருக்கு ஐந்தாறு சேர்க்கைக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் இனத்துக்கே நல்லது செய்கிறீர்கள்.

வம்சாவளிப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பது

பெற்றோர் பெயர்கள் வேறு வேறாக இருந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சேர்க்கைப் பொத்தானை அழுத்துமுன் இரண்டு குதிரைகளின் வம்சாவளிப் பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்துவைத்து, ஒரே பெயர் இரண்டிலும் வருகிறதா என்று தேடுங்கள். தந்தை பொது என்றால் குட்டிக்கு 12.5 சதவீதம். தாயும் தந்தையும் பொது என்றால் 25. மகளைத் தந்தையோடு சேர்த்தாலும் அதே 25-தான். ஒரே ஒரு தாத்தா மட்டும் பொது என்றால் 3.125, அந்தத் தாத்தாவோடு பாட்டியும் பொது என்றால் 6.25. அரிய இனத்தில் பூஜ்யம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு தலைமுறையில் சேர்க்கைக்கு ஜோடியே கிடைக்காது. 3 சதவீதம் வரை தாராளமாகப் போகலாம். 6.25-க்கு அழுத்தமான காரணம் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

மூன்று தலைமுறையை மட்டும் காட்டும் விளையாட்டுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. நான்காவது தலைமுறையில் ஒரே குதிரை நான்கு இடங்களில் ஒளிந்திருக்கலாம், திரையில் தெரியாது. மூதாதைகளின் பக்கங்களுக்கே போய்ப் பார்த்து, தனியாக ஒரு தாளில் மரத்தை வரைந்துகொள்வதுதான் வழி.

இங்கே பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று: தன்னளவில் 25 சதவீதம் இன்பிரீடிங் உள்ள குதிரை கெட்டுப்போன குதிரை அல்ல. உறவே இல்லாத ஒரு குதிரையோடு அதைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் இன்பிரீடிங் பூஜ்யம். இந்த எண் பெற்றோர் ஒருவருக்கொருவர் எவ்வளவு உறவு என்பதை மட்டுமே சொல்கிறது. விளையாட்டே விற்கும் அடித்தளக் குதிரைகளுக்கு வம்சாவளி கிடையாது என்பதால், அவை எதனோடும் உறவற்றவையாகவே கணக்கில் வரும். மருந்து கடையிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த மருந்துக்கு விலை உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் குட்டியின் திறன் பெற்றோரின் சராசரியை ஒட்டியே, சற்று மேலும் கீழும் சிதறி அமையும். உங்கள் வம்சம் 80 புள்ளி, அடித்தளக் குதிரை 50 என்றால் குட்டி 65-ஐச் சுற்றி வரும். அதைப் பார்த்துப் பதறி விற்பதுதான் தவறு. அந்தக் குட்டியை மீண்டும் ஓர் 80-ஓடு சேர்த்தால் 72.5, அடுத்த முறை 76 சொச்சம். நல்ல சிதறலைத் தேர்ந்தெடுத்து வைத்தால் மூன்றாம் தலைமுறையில் பழைய உயரத்தைத் தொட்டுவிடலாம், கையில் புது இரத்தமும் இருக்கும். திருப்பிச் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் அதே ஆண்குதிரையைப் பயன்படுத்தினால் மட்டும் அத்தனை உழைப்பும் வீண்.

மொத்தப் புள்ளியில் மயங்குவது

இழுவைக் குதிரைக்கு வேகமும் தாவலும் எதற்கு? மொத்தம் அதிகமாக இருக்கும் குட்டியின் புள்ளிகளில் பாதி அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். வலிமை, இழுதிறன், தாங்குதிறன் மூன்றையும் மட்டும் கூட்டி ஒப்பிடுங்கள்.

உடலமைப்பில் வேறொரு பிழை நடக்கும். நீண்ட முதுகுள்ள பெட்டைக்குக் குட்டை முதுகுள்ள ஆணைத் தேடுவார்கள், நடுவில் ஒன்று பிறக்கும் என்ற நம்பிக்கையில். பிறப்பது சில சமயம் நெட்டை, சில சமயம் குட்டை. குறையுள்ள இடத்தில் சரியாக இருக்கும் துணையைத்தான் தேட வேண்டும். நிஜ சஃபோக் இனத்திலும் குளம்பு மோசம் என்ற புகார் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. கண்காட்சிகளில் குளம்புக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு வைத்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். உங்கள் பட்டியலிலும் பலவீனமான உறுப்புக்குத் தனி நிரல் ஒன்று இருக்கட்டும்.

ஹவுர்ஸ் என்ற ஆன்லைன் குதிரை விளையாட்டை ஆடுபவர்கள் பிளப் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஒரு குதிரை தன் தரத்தைக் குட்டிக்கு எவ்வளவு கடத்தும் என்பதைக் காட்டும் எண் அது. −100-ல் இருந்து 100 வரை போகும். பயிற்சி, போட்டி வெற்றி, வயது மூன்றும் சேர்ந்துதான் அதை உயர்த்தும். அவசரப்பட்டு இளம் குதிரையைச் சேர்த்தால் பெற்றோரின் தரம் குட்டிக்கு முழுதாக இறங்காது.

நிறத்துக்குச் செலவழிப்பது

சஃபோக் பஞ்ச் குதிரைகள் அனைத்தும் செஸ்ட்நட் என்ற செம்பழுப்பு நிறம்தான். அந்த இனத்தை வளர்ப்பவர்கள் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதும்போது நடுவிலுள்ள ‘டி’ எழுத்தையே விட்டுவிடுவது பழைய வழக்கம். அடர் கல்லீரல் நிறம் தொடங்கி வெளிறிய நிறம் வரை ஏழு சாயல்கள் உண்டு. செஸ்ட்நட் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) என்பதால் இரண்டு செஸ்ட்நட் சேர்ந்தால் செஸ்ட்நட் மட்டுமே பிறக்கும். எனவே கறுப்பு நிற மரபணுவுக்கான சோதனைக்குக் காசு கொடுப்பது வீண். கறுப்பு சஃபோக் என்று யாராவது விற்றால், வம்சாவளியில் எங்கோ கலப்பு இருக்கிறது.

நோய் மரபணுச் சோதனை அப்படியல்ல, அதை விட்டுவிடவே கூடாது. முடிவை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெல்ஜிய இழுவைக் குதிரைகளில் தோல் கொப்புளமாக உரியும் ஜெப் என்ற கொடிய நோய் உண்டு. அது ஒடுங்கு பண்பு, நோய் மரபணுவின் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் குட்டிக்கு வரும். ஒரு பிரதி சுமக்கும் குதிரையைச் சுத்தமான குதிரையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது, பாதிக் குட்டிகள் சுமப்பவையாக மட்டுமே இருக்கும். சுமக்கும் குதிரைகளை எல்லாம் ஒரே நாளில் ஒதுக்கினால் அரிய இனத்தின் நல்ல இரத்தமும் கூடவே போய்விடும். சுத்தமான குட்டி பிறக்கும்வரை வைத்திருந்து, பிறகு ஓய்வு கொடுங்கள். தசைகளைப் பாதிக்கும் பிஎஸ்எஸ்எம் முதல் வகைக்கு இந்த விதி செல்லாது. அது ஓங்கு பண்பு, பெல்ஜியன், பெர்ச்செரான் குதிரைகளில் பரவலாக உண்டு. ஒரு பிரதி இருந்தாலே பாதிப்பு வரலாம்.

எத்தனை குட்டி வேண்டும் என்று எண்ணாமல் தொடங்குவது

நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள குணம் நான்கு குட்டிகளில் வந்துவிடும் என்று நம்பி லாயத்தில் நான்கே இடம் ஒதுக்குகிறார்கள். 95 சதவீத உறுதியோடு ஒன்றாவது கிடைக்க 11 குட்டிகள் வேண்டும். பதினாறில் ஒரு பங்கு என்றால் 47. பெட்டை ஒன்று தன் இடத்துக்கு ஒரு பெண் குட்டியைத் தந்துவிட்டுப் போக 5 குட்டிகள். சேர்க்கைக்கான வயது வரம்பு முடியுமுன் அந்த ஐந்தும் பிறக்குமா என்று முதல் சேர்க்கையன்றே கணக்குப் போடுங்கள். பெண் குட்டிகளின் தட்டுப்பாடு நிஜத்திலும் இருக்கிறது. 2020-ல் இங்கிலாந்தில் பாலினம் பிரித்த விந்தணுவைக் கொண்டு ஒரு சஃபோக் பெண் குட்டியைப் பிறக்கவைத்தார்கள். விளையாட்டில் அதற்கு ஈடான பொருள் கடையில் இருந்தால், உங்களிடம் மிச்சமுள்ள ஒரே தாய்வழிக்கு அதை ஒதுக்கிவையுங்கள்.

காயடிப்பதிலும் அவசரம் வேண்டாம். பல விளையாட்டுகளில் அதைத் திரும்பப் பெற முடியாது. மரபணுச் சோதனையும் உடலமைப்பு மதிப்பெண்ணும் கைக்கு வந்த பிறகு, அதே தந்தைவழியில் வேறு இரண்டு ஆண்களாவது சர்வரில் இருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் குதிரை சுமாராகவே இருந்தாலும் ஆணாகவே இருக்கட்டும். விந்தை உறையவைத்துச் சேமிக்கும் வசதி இருந்தால் முதலில் இரண்டு மூன்று குழல்கள் எடுத்து, குதிரையின் பெயர், தந்தைவழி, எடுத்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காயடிப்பதானால் அதன்பிறகு செய்யலாம்.