ரீஜென்சி காதல் நாவல்: துணிச்சலான நாயகியைக் கெடுக்கும் தவறுகள்

மன்னருக்குப் பதிலாக இளவரசர் ரீஜென்ட்டாக ஆண்ட 1811-1820 கால இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதைதான் ரீஜென்சி நாவல். அதில் நாயகி துணிச்சல்காரி என்று காட்ட எழுத்தாளர்கள் எடுக்கும் குறுக்குவழி, முதல் அத்தியாயத்திலேயே அவளை உயர்ந்த பிரபுவான ஒரு டியூக்கிடம் வாய்த்துடுக்காகப் பேசவைப்பது. அவள் முகத்தில் அடித்தாற்போல் ஏதோ சொல்கிறாள், கதவை அறைந்து சாத்துகிறாள், தனியாகக் குதிரையேறிப் போகிறாள். அடுத்த அத்தியாயத்தில் அதனால் ஒன்றுமே நடப்பதில்லை. யாரும் அவளை விருந்துக்கு அழைக்காமல் விடவில்லை, அத்தை திட்டவில்லை, தங்கையின் வரன் கலையவில்லை. அந்த இடத்திலேயே வாசகர் நாவலைக் கீழே வைத்துவிடுவார். எதையும் இழக்காமல் காட்டும் துணிச்சலை யாரும் நம்புவதில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் திருமணமாகாத ஒரு பெண்ணுக்கு நல்ல பெயர்தான் முதலீடு. அது கெட்டால் அவளோடு சேர்ந்து தங்கைகளின் கல்யாணப் பேச்சும் நின்றுபோகும். ஆகவே நாயகி மீறும் ஒவ்வொரு விதிக்கும் என்ன விலை என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் அந்த விலை தெரியாததால் வருபவைதான்.

நடன மண்டபத்தில்

மிஸ் வெஸ்ட்பரி என்று ஒரு நாயகியை வைத்துக்கொள்வோம். சலிப்பூட்டும் ஒரு பணக்காரர் நடனத்துக்கு அழைக்கிறார். அவள் "முடியாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிடத்தில் நாயகனின் கையைப் பிடித்து ஆடப் போகிறாள். நூற்றுக்கணக்கான கதைகளில் இந்தக் காட்சி இப்படித்தான் வருகிறது. இது தவறு. ஒருவரை மறுத்த பெண் அதே நடனத்துக்கு வேறு யாரோடும் ஆடக் கூடாது, உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். மீறினால் மறுக்கப்பட்டவருக்குச் செய்த பகிரங்க அவமானமாகிவிடும்.

விதியை மதித்து எழுதினால் காட்சி எவ்வளவு பலமாகிறது என்று பாருங்கள். அதே நடனத்துக்கு நாயகனும் தன்னிடம் வருவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பணக்காரரை மறுக்கிறாள். இரண்டு நடனங்கள் சேர்ந்த ஒரு சுற்று ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணி நேரமும் சுவரோரம் உட்கார்ந்து, நாயகன் வேறொருத்தியோடு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விஷயம் தெரிந்த நாயகன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவள் யார் என்று அவனுக்கும் நமக்கும் புரிந்துவிடுகிறது.

இன்னும் சில கணக்குகள் உண்டு. ஒரே இரவில் ஒரே ஆணோடு இரண்டு சுற்றுக்கு மேல் ஆடினால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். அறிமுகம் செய்துவைக்காத ஆண் நேரே வந்து அழைக்க முடியாது. பொது நடன அரங்கில் விழா நடத்துநர் அறிமுகப்படுத்துவார், தனி வீட்டில் வீட்டம்மா. அறிமுகமான பிறகும் தெருவில் பார்த்தால் முதலில் தலையசைத்து அங்கீகரிக்க வேண்டியவள் பெண்தான். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டால் அந்த ஆணின் மானம் கப்பலேறும். துணிச்சலான நாயகிக்குக் கையில் இருக்கும் கூர்மையான ஆயுதம் இது. எழுத்தாளர்கள் இதை விட்டுவிட்டுக் கன்னத்தில் அறையவைக்கிறார்கள்.

ஆல்மாக்ஸ் மண்டபத்தை எல்லோரும் எழுத ஆசைப்படுகிறார்கள். லண்டன் கிங் தெருவில், மேல்குடியினர் லண்டனில் கூடும் விருந்துக் காலமான சீசனில் புதன்கிழமை இரவுகளில் மட்டும் அங்கே நடனம். லேடி ஜெர்சி, லேடி காசில்ரே போன்ற புரவலர் சீமாட்டிகள் அனுமதிச் சீட்டு தந்தால்தான் உள்ளே போக முடியும். சாப்பிட வெண்ணெய் தடவிய ரொட்டி, வறண்ட கேக், குடிக்க எலுமிச்சைச் சாறு, தேநீர் என்று பரிமாறல் எளிமைக்குப் பெயர்போனது. அங்கே ஷாம்பெயின் கோப்பையோடு நாயகனை நிறுத்தினால் தவறு. வால்ட்ஸ் நடனத்தை 1811-இல் ஊரெல்லாம் ஆடுவதாக எழுதுவதும் தவறு. அது மெல்ல மெல்லத்தான் நுழைந்தது, 1816-இல்கூட டைம்ஸ் பத்திரிகை அதைக் கண்டித்து எழுதியது.

பட்டங்களில் சறுக்கல்

விஷயம் தெரிந்த வாசகர்கள் முதலில் கண்டுபிடிக்கும் பிழை இதுதான். ஜேம்ஸ் ஹார்வுட் என்பவர் ஏர்ல் ஆஃப் ஸ்டான்மியர் என்றால் (பிரபுப் பட்டங்கள் மேலிருந்து டியூக், மார்க்விஸ், ஏர்ல் என்று வரும்), அவர் லார்ட் ஸ்டான்மியர். லார்ட் ஜேம்ஸ் என்றோ லார்ட் ஹார்வுட் என்றோ எழுதக் கூடாது. அவர் மனைவி லேடி ஸ்டான்மியர். மகள் ஆன், லேடி ஆன். இளைய மகன் பேச்சில் வெறும் மிஸ்டர் ஹார்வுட்தான். டியூக், மார்க்விஸ் ஆகியோரின் இளைய மகன்களுக்குத்தான் லார்ட் ஹென்றி என்று இயற்பெயரோடு பட்டம் வரும், அவர்கள் மனைவி லேடி ஹென்றி ஆவாள். பிரபு வரிசைக்குக் கீழே உள்ள பேரோனெட் என்றால் சர் வில்லியம், மனைவிக்குக் குடும்பப் பெயரோடு லேடி. பட்டமில்லாத வீட்டில் மூத்த பெண் கிளாரா வெறும் மிஸ் வெஸ்ட்பரி, அடுத்தவள் மிஸ் எமிலி வெஸ்ட்பரி. வேலைக்காரர்கள் டியூக்கை "யுவர் கிரேஸ்" என்பார்கள், சமநிலையில் உள்ளவர்கள் "டியூக்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆண் நண்பர்கள் ஒருவரையொருவர் பட்டத்தின் பெயரால் மட்டும், "ஸ்டான்மியர்" என்று கூப்பிடுவார்கள்.

காதலுக்காகப் பட்டத்தைத் துறக்கும் நாயகன் வேண்டாம். அப்படித் துறக்க 1963 வரை சட்டத்தில் வழியே இல்லை. தத்துப் பிள்ளைக்குப் பட்டம் போவதும் நடக்காது. இங்கிலாந்தில் சட்டப்படி தத்தெடுப்பதே 1926-இல்தான் வந்தது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல். இரண்டாவது சந்திப்பிலேயே நாயகன் "நீ" என்று இறங்கிவிடுகிறான், நாயகி அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். அந்தச் சமூகத்தில் இயற்பெயரைச் சொல்வதே பெரிய நெருக்கம். நிச்சயமாகும்வரை "நீங்கள்", "மிஸ் வெஸ்ட்பரி" என்றே போகட்டும். அப்போதுதான் கடைசியில் அவன் "கிளாரா" என்று கூப்பிடும்போது வாசகருக்குச் சிலிர்க்கும்.

தனியே போவதும் கடிதம் எழுதுவதும்

லண்டனில் இளம்பெண் வெளியே போனால் கூடவே பணிப்பெண்ணோ ஏவலாளோ பெரியவர் ஒருவரோ போக வேண்டும். ஆண்களின் கிளப்புகள் நிறைந்த செயின்ட் ஜேம்ஸ் தெருப் பக்கம் நல்ல குடும்பத்துப் பெண் காலாற நடக்கவே கூடாது. மூடிய வண்டியில் ஓர் ஆணோடு தனியே போனால் கதை முடிந்தது. ஆனால் ஹைட் பார்க்கில் மாலை 5 மணிக்கு, திறந்த வண்டியில், பின்னால் குதிரைக்காரன் நிற்க, எல்லோர் கண்ணெதிரே போகலாம். நாயகனும் நாயகியும் மனம்விட்டுப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. கிராமப்புறத்தில் கட்டுப்பாடு தளர்வு, சொந்த ஊர் வயல்வெளியில் அவள் தனியே நடக்கலாம்.

ரகசியக் கடிதத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டால் நிச்சயமாகிவிட்டது என்றே உலகம் எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், வெளியூர்த் தபாலுக்குக் கட்டணம் கொடுப்பவர் பெரும்பாலும் பெறுபவர்தான். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்பக் காசு. தபால்காரர் வாசலில் நின்று கேட்கும்போது வீட்டில் யாரோ காசு எடுத்துத் தந்தாக வேண்டும். அப்புறம் ரகசியம் எங்கே? உறைபோட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் சேரும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு முத்திரை வைத்தார்கள். தபால்தலை 1840-இல்தான் வந்தது. பணிப்பெண் கையில் கொடுத்தனுப்புவதுதான் நாயகிக்கு வழி. அப்போது அந்தப் பணிப்பெண்ணின் வேலை போகும் ஆபத்தும் கதைக்குள் வந்துவிடும்.

பணமும் சட்டமும்

"அவளுக்குப் பெரிய சொத்து" என்று மொட்டையாக எழுதாதீர்கள். 10,000 பவுண்டு சீதனம் என்றால், அதை 5 சதவீத அரசுக் கடன் பத்திரத்தில் போட்டால் வருடத்துக்கு 500 பவுண்டு வரும், 3 சதவீதப் பத்திரத்தில் முக மதிப்புக்கு 300. வீட்டு ஆசிரியைக்கு வருடச் சம்பளம் 20, 30 பவுண்டு என்ற அளவில் இருந்த காலம் அது. 1,000 பவுண்டு மட்டும் உள்ள நாயகி நல்ல வரனை மறுக்கும்போது எதை மறுக்கிறாள் என்பது இந்த எண்களில் தெரியும்.

திருமணமானதும் மனைவியின் ரொக்கமும் நகையும் கணவனுடையதாகிவிடும். அதற்காகத்தான் முன்கூட்டியே வக்கீல்கள் உட்கார்ந்து ஒப்பந்தப் பத்திரம் எழுதுவார்கள். கைச்செலவுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு, விதவையானால் எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். 21 வயது கடந்த, திருமணமாகாத பெண்ணோ விதவையோ தன் சொத்தைத் தானே ஆளலாம். ஆகவே கையில் பணமுள்ள 25 வயது நாயகி கல்யாணத்துக்குத் தயங்கினால் அதில் பிடிவாதம் எதுவும் இல்லை, அவள் பயம் நியாயமானது. பலர் இந்தப் பயத்தைச் சொல்லாமல் "எனக்குச் சுதந்திரம் வேண்டும்" என்று பொதுவாக வசனம் வைக்கிறார்கள்.

கல்யாண விதிகளை 1753-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அல்லது அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும். பிஷப் தரும் சாதாரண அனுமதிக்கு இருவரில் ஒருவர் அந்தப் பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) நான்கு வாரம் குடியிருந்திருக்க வேண்டும், காலை 8 முதல் 12 மணிக்குள் தேவாலயத்தில் திருமணம் நடக்க வேண்டும். எந்த நேரமும் எந்த இடத்திலும் நடத்தச் சிறப்பு அனுமதி தருபவர் கேன்டர்பரி பேராயர் மட்டும். அதில் இருவர் பெயரும் இருக்கும். பெயர் எழுதாத பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் நாயகன் வேண்டவே வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தவர் தந்தையின் சம்மதமில்லாமல் அனுமதிப் பத்திரத்தில் மணந்தால் அந்தத் திருமணம் செல்லாது.

அதனால்தான் இந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லையில் உள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். லண்டனிலிருந்து சுமார் 320 மைல். வாடகை வண்டி மணிக்கு 8 முதல் 10 மைல் போகும், வழியில் அடிக்கடி குதிரை மாற்ற வேண்டும். நிற்காமல் போனாலே ஏறக்குறைய ஒன்றரை நாள், சாதாரணமாக மூன்று நாள். மைலுக்கு ஒரு ஷில்லிங்குக்கு (பவுண்டில் இருபதில் ஒரு பங்கு) மேல் வாடகை என்பதால் குறைந்தது 16 பவுண்டு, அதற்கு மேல் சுங்கமும் வண்டிக்காரர் இனாமும். கையில் காசில்லாத ஜோடியை இரவோடு இரவாக அங்கே சேர்த்துவிடாதீர்கள். காசு தீர்ந்து பாதி வழியில் ஒரு சத்திரத்தில் மாட்டிக்கொள்வது எவ்வளவு நல்ல அத்தியாயம்!

காலக்குழப்பம்

ரீஜென்சி காலம் 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை என்பதுதான் கறாரான கணக்கு. உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி, லண்டன் போலீஸ், நீராவியில் ஓடும் பயணிகள் ரயில், விக்டோரியா அரசி பிரபலமாக்கிய வெள்ளைக் கல்யாண உடை எல்லாம் பிற்பாடு வந்தவை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் 1815 ஜூன் 18. வெற்றிச் செய்தி லண்டனை எட்டியது 21-ஆம் தேதி இரவு, ஆகவே 19-ஆம் தேதி நாயகி ஆனந்தக் கண்ணீர் விட முடியாது. 1817 நவம்பர் 6 அன்று ரீஜென்ட்டின் மகள் இளவரசி சார்லட் பிரசவத்தில் இறந்தார். நாடே கருப்பு உடுத்திய அந்த மாதத்தில் லண்டனில் நடன விருந்து வைக்காதீர்கள்.

நாயகன் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை பார்த்துத் திரும்பியவன் என்றால், கப்பல் ஆப்பிரிக்க முனையைச் சுற்றித்தான் வரும், ஐந்தாறு மாதம் ஆகலாம். கடிதம் போட்டுப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம். மேற்கிந்தியக் கரும்புத் தோட்டம்தான் அவன் சொத்து என்றால், அடிமை வணிகத்தை 1807-லேயே தடைசெய்திருந்தாலும் தோட்டத்தில் அடிமைகள் இருந்தார்கள் என்பதை மறைத்து அவனை உத்தமனாக்கக் கூடாது. துடிப்பான நாயகி அதைக் கேட்காமல் இருக்க மாட்டாள்.

கடைசிப் பகுதியில்

மரபான ரீஜென்சி நாவலில் படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும். கையுறை கழற்றிய விரல் படுவதே பெரிய நிகழ்ச்சி, சுவை முழுவதும் உரையாடலில். ஆனால் முதல் இருநூறு பக்கம் வாளாகச் சுழன்ற நாயகியைக் கடைசி ஐம்பது பக்கத்தில் வில்லன் கடத்திக்கொண்டு போக, நாயகன் வந்து மீட்க, அவள் அழுதுகொண்டே "சரி" என்கிறாள். இந்தப் பழக்கம்தான் என்னை எல்லாவற்றையும்விட வருத்துகிறது. முடிச்சை அவிழ்ப்பது அவள் அறிவாக இருக்கட்டும். முதல் முறை கேட்டபோது மறுத்ததற்கு அவள் சொன்ன காரணம் என்னவோ, அதற்கு நாயகன் செயலில் பதில் தந்த பிறகே இரண்டாம் முறை கேட்கட்டும். சொத்து போய்விடும் என்று அவள் பயந்திருந்தால், அவள் பணம் அவள் பெயரிலேயே அறங்காவலர்களிடம் இருக்கும்படி எழுதிய ஒப்பந்தப் பத்திரத்தை முதலில் நீட்டிவிட்டு, அவள் அதைக் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை அவன் காத்திருக்கட்டும்.