முதல் வாரத்திலேயே கொப்பி சேர்க்கப் பழக்குங்கள்

புது வருடம் தொடங்கியதும், வகுப்பு விதிகளை எழுதி ஒட்டுவதற்கு முதலே, கொப்பி சேர்க்கும் முறையைப் பிள்ளைகளோடு இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். கடைசி வாங்குப் பிள்ளை அன்றைய பக்கத்தைத் திறந்தபடியே கொப்பியை முன்னுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் தன்னுடையதை அதன்மேல் வைத்துக் கொடுப்பார். முன்வாங்குப் பிள்ளை மட்டும் எழும்பி அடுக்கை மேசையில் வைத்தால் போதும்.

ஒரு பாடவேளையில் கொப்பி சேர்க்கவே நல்ல நேரம் போய்விடுகிறது. தள்ளுமுள்ளும் சத்தமும் அங்கேதான் தொடங்குகின்றன. "ஒழுங்காக இரு" என்றால் என்ன செய்வதென்று பிள்ளைக்கு விளங்காது, ஆனால் கை பழகிய வேலை சொல்லாமலே நடக்கும். திறந்த பக்கமாகவே வருவதால் திருத்தும்போது பக்கம் தேடும் வேலையும் மிச்சம்.

திருகோணமலையில் ஜனவரி மழையால் முதல் நாட்களில் வரவு குறையும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பிந்தவும் கூடும். அவர்களைக் குறை சொல்லாமல், வகுப்பு நிரம்பிய நாளில் இன்னொரு தடவை பழக்குங்கள். ஏற்கெனவே பழகிய பிள்ளையே செய்து காட்டட்டும், அதை ஆசையோடு செய்வார்கள்.

வட்டமாகவோ குழுவாகவோ இருக்கும் சிறு வகுப்புகளுக்கு இது சரிவராது. அங்கே குழுவுக்கு ஒரு கூடை வையுங்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இப்படிச் செய்து பார்த்துப் பழகவிட முடியாது. பாதுகாப்பு விதிகளை உள்ளே போகமுன்பே சொல்லி, எழுதியும் ஒட்ட வேண்டும்.